செவலை உயிரோடு இருக்கவேண்டிய பத்து நாள்

இளமதியை நாய் கடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஆறு வயதுப் பிள்ளை, பீங்கான் யூனிட்டுகள் இருக்கும் செராமிக் எஸ்டேட்டின் பின்வாசலை ஒட்டிய சந்தில் பிஸ்கட் தின்றுகொண்டே நடந்து வந்திருக்கிறது. சுவரோரம் படுத்திருந்த நாய்க்கு ஒரு பிஸ்கட்டைப் போட்டுவிட்டு, அது தின்னும்போதே குனிந்து தலையைத் தடவியிருக்கிறது. நாய் எகிறிக் கன்னத்தைக் கவ்விவிட்டது.

சேதி வந்தபோது வேல்விழி வேலையில் இருந்தாள். சூளைக்குப் போகவேண்டிய பீங்கான் ஃபியூஸ் கட்டைகளின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து அடுக்குவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே யூனிட்டில் அதே வேலை. அங்கேயே சூளை அடுக்கும் அவள் கணவன் பக்கிரி மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"மதிவதனி பொண்ண நாயி கடிச்சிடுச்சி. மூஞ்சியிலயே!"

"எந்த நாயி?" என்றாள் வேல்விழி.

கேட்ட பிறகுதான், பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டிருக்கவேண்டும் என்று உறைத்தது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"புள்ளைய ஆட்டோவுல ஏத்தி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க. நாயி செவலை. காதுல வெட்டு இருக்குது, உங்க முகாம்ல ஆபரேசன் பண்ணி வுட்டதுதான். சந்துல கூட்டம் கூடிடுச்சி, கட்டையோட நிக்கிறாங்க."

வேல்விழி கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள்.

அந்த ஊரில் அவளுக்கு நாய்க்காரம்மா என்று பெயர் வந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் அவளும் எல்லோரையும் போல மிச்சச் சோற்றை நாய்க்குப் போட்டுவிட்டுப் போகிறவள்தான். சூளைச் சுவரின் சூட்டுக்காக எஸ்டேட்டுக்குள் எப்போதும் நாய்கள் வந்து படுத்துக் கிடக்கும். ஒருநாள் காலையில் வேலைக்கு வந்தபோது பதினோரு நாய்கள் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. யாரோ சோற்றில் விஷம் கலந்து வைத்திருந்தார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அதில் ஒன்று குட்டி போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. செத்த தாயின் மடியைக் குட்டிகள் முட்டி முட்டிச் சப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கிருந்து, கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை தோறும் நடக்கும் குறைதீர்ப்பு நாளுக்குக் கடலூர் போனாள். ஒரு முறை இல்லை, பதினேழு முறை. நாயைக் கொல்வது குற்றம், பிடித்து ஆபரேசன் செய்து வெறிநாய்த் தடுப்பூசி போட்டு அதே இடத்தில் விடவேண்டும் என்று சட்டம் இருப்பதை அங்கே வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர் பழமலைநாதனையும் சேர்த்துக்கொண்டு பிராணி நல மன்றம் என்று ஒன்றை ஆரம்பித்தாள். அலைந்து அலைந்து நகர்மன்றத்தில் தீர்மானம் வாங்கினாள். போன வருஷம் வெளியூர் அறக்கட்டளை ஒன்றின் உதவியோடு எஸ்டேட் ஷெட்டில் முகாம் நடத்தி நாற்பத்து மூன்று நாய்களுக்கு ஆபரேசன் முடிந்தது. அடையாளத்துக்கு இடது காது நுனியில் ஒரு சின்ன வெட்டு.

சந்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். நாய், உடைந்த பிளாஸ்டர் அச்சுகளைக் கொட்டி வைத்திருந்த குவியலுக்குள் புகுந்துகொண்டிருந்தது. உள்ளே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. கூட்டத்துக்கு முன்னால் வார்டு கவுன்சிலர் ராஜ்மோகன் நின்றிருந்தார்.

"அடிக்காதீங்க," என்று குறுக்கே போய் நின்றாள் வேல்விழி. "கடிச்ச நாய பத்து நாளு உயிரோட வச்சிப் பாக்கணும். பத்து நாளு அது நல்லாருந்துச்சின்னா புள்ளைக்கு வெறிநோயி வராதுன்னு அர்த்தம். இப்ப அடிச்சிட்டா அது எப்படித் தெரியும்?"

"நாயிக்கு வக்கீலு வந்துட்டாங்கப்பா," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ராஜ்மோகன் கையைக் காட்டி அமைதிப்படுத்தினார். "ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லும்மா. காதுல வெட்டு இருக்குது. அப்ப இது வெறி ஊசி போட்ட நாயிதானே?"

வேல்விழி முன்னால் நின்றவனின் கையிலிருந்த சவுக்குக் கட்டையைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள்.

அந்த ஒரு சொல்லில் கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. ராஜ்மோகன் "பத்து நாளு உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டு ஆட்களை அனுப்பினார். மூடிக் கிடந்த பக்கத்து யூனிட்டின் பழைய சூளைக்கு இரும்புக் கிராதிக் கதவு இருந்தது. பக்கிரி போய் அந்த யூனிட்காரரிடம் சாவி வாங்கி வந்தான். வேல்விழி கயிறும் சோறுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, செவலையை வெளியே வரவைத்து, அந்தச் சூளைக்குள் விட்டுப் பூட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முகாம் நோட்டைத் தேடி எடுத்தாள்.

அந்த 'ஆமா' உண்மையா பொய்யா என்று அவளுக்கே தெரியாது. முகாமின் கடைசி நாளில் தடுப்பூசி மருந்து தீர்ந்துபோயிருந்தது. முப்பத்தேழு நாய்களுக்குப் போட்டாகிவிட்டது, ஆறு நாய்கள் பாக்கி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடலாம் என்றார் டாக்டர். அதற்குள் நகராட்சிக்கு அறிக்கை கொடுக்கவேண்டிய தேதி வந்தது. எப்படியும் போடத்தானே போகிறோம் என்று, 'நாற்பத்து மூன்று நாய்களுக்கும் தடுப்பூசி போடப்பட்டது' என்று எழுதி, செயலாளர் என்ற இடத்தில் வேல்விழி கையெழுத்துப் போட்டாள். ஆனால் ஒருமுறை வலையில் சிக்கிய நாய் மறுபடி ஆள் பக்கம் வருவதில்லை. அந்த ஆறும் அகப்படவில்லை. அப்புறம் டாக்டர் விழுந்து கால் எலும்பு முறிந்து நாலு மாசம் படுத்துவிட்டார். அது அப்படியே நின்றுபோனது.

நோட்டில் 'செவலை, பெட்டை' என்று மூன்று இடத்தில் இருந்தது. முதல் நாள் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, கடைசி நாள் ஒன்று; அந்தக் கடைசி நாளதுக்கு மட்டும் ஊசி இல்லை. படம் இல்லை, நம்பர் இல்லை. நோட்டை எத்தனை தடவை திருப்பினாலும் அந்த மூன்று வரிகளில் எது இந்த நாய் என்று சொல்ல வழியில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இளமதியின் இடது பக்க முகம் முழுக்கக் கட்டு. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. மதிவதனி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் எஸ்டேட்டில் அகல்விளக்கு செய்யும் யூனிட்டில் பேக்கிங் வேலை செய்கிறவள். புருஷன் திருப்பூரில் இருந்தான், வந்துகொண்டிருந்தான்.

"காயத்தச் சுத்தியே ஊசி போட்டாங்கக்கா. அப்புடிக் கத்திச்சி. இன்னும் மூணு ஊசி இருக்குதாம்," என்றாள். "நாய கவனிக்கச் சொன்னாங்க டாக்டரம்மா. ஊசி போட்ட நாயின்னு கவுன்சிலரு சொன்னாரு. அப்ப பயமில்லல்லக்கா?"

சொல்லிவிடவேண்டும் என்றுதான் வேல்விழி வாயைத் திறந்தாள். பிள்ளையின் கட்டுக்கு வெளியே வீங்கித் தெரிந்த உதட்டைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா எல்லாத்தயும் போட்டுட்டாங்கல்ல, தைரியமா இரு," என்றாள்.

மதிவதனி தலையாட்டினாள். பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு மாலையிலிருந்து மதிவதனி சூளைக்கு வர ஆரம்பித்தாள். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்து, கிராதிக்கு நாலடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வாள். நாயைக் கூப்பிடமாட்டாள், பேசமாட்டாள். பார்த்துக்கொண்டே இருப்பாள். அது எழுந்து நின்றால் இவளும் எழுந்து நிற்பாள்.

வேல்விழி பத்து நாள் லீவு சொல்லிவிட்டு அங்கேயே கிடந்தாள். வெறி பிடித்தால் என்னென்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குரைக்கிற குரல் மாறும். தாடை தொங்கும். எச்சில் வடியும். தண்ணீரை விழுங்க முடியாது. செவலை கொட்டாவி விட்டால்கூட வேல்விழிக்குத் திக்கென்றது. அது குரைக்கும்போது நேற்றைய குரல்தானா இது என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். நேற்றைய குரல் எப்படி இருந்தது என்பதே கொஞ்ச நேரத்தில் மறந்துபோனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் வந்தார்கள். கிராதி வழியாகக் கல் வீசினார்கள். ஒருவன் கையில் கறித் துண்டு கட்டிய பொட்டலம் இருந்தது. வேல்விழி ஓடிப்போய்க் கிராதியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அத உள்ள போடாதீங்க."

"கறிதாம்மா. நாயி மேல பாசம் உங்களுக்கு மட்டும்தான் இருக்கணுமா?"

அப்போது மதிவதனி வந்துகொண்டிருந்தாள். வந்த வேகத்தில் அந்தப் பொட்டலத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள்.

"இது செத்துச்சின்னா எம் புள்ளைக்கு என்னான்னு நான் யாரக் கேப்பேன்? நீங்க வந்து சொல்வீங்களா?" என்று கத்தினாள். "பத்து நாளு முடியட்டும். அதுக்கப்பறம் நானே அடிச்சாலும் அடிப்பேன். அதுவரைக்கும் யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது."

அவர்கள் போய்விட்டார்கள். வேல்விழிக்கு அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. ஆனால் கிட்டப் போகக் கால் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செவலை சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. திங்கட்கிழமை காலையில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது. மூலையில் தலையைச் சாய்த்துக் கிடந்தது. வாயோரத்தில் ஈரம் மினுமினுத்தது. வேல்விழி பக்கிரியை அனுப்பி டாக்டரை அழைத்துவரச் சொன்னாள்.

பழமலைநாதன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். கிராதிக்கு வெளியே நின்று டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். தண்ணீர்க் கிண்ணத்தைக் குச்சியால் அதன் பக்கம் தள்ளினார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்னாங்க சார்?"

"சொல்ல முடியாதும்மா. வெயிலா இருக்கலாம். அடைச்சி வச்ச பயமா இருக்கலாம். கல்லு பட்டுதுன்னு சொன்ன, அந்த வலியா இருக்கலாம்." டார்ச்சை அணைத்தார். "அதுவாவும் இருக்கலாம். ரெண்டு நாளு போனாத்தான் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இது அந்த ஆறுல ஒண்ணா?"

"தெரியலீங்க சார். நோட்டுல மூணு செவலை இருக்குது."

"எந்த ஆறு?"

இருவரும் திரும்பினார்கள். மதிவதனி நின்றிருந்தாள்.

டாக்டர் பேச வாயெடுத்தார். வேல்விழி அவரைத் தடுத்து, தானே சொன்னாள். மருந்து தீர்ந்தது, அறிக்கையில் கையெழுத்துப் போட்டது, சந்தில் 'ஆமா' என்று சொன்னது, ஆஸ்பத்திரியில் சொல்லாமல் விட்டது. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. சொல்லச் சொல்ல மதிவதனியின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"அன்னிக்கி நான் கேட்டேன்," என்றாள் கடைசியில். "உங்க மூஞ்சியப் பாத்துத்தானே கேட்டேன்."

"அன்னிக்கி உம் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றதுன்னு..."

"பேசாதீங்க."

அவள் கிராதிக்குள் ஒருமுறை பார்த்தாள். நாய் அசையவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்து போய்விட்டாள்.

அன்றைக்கு முழுவதும் வேல்விழி ஒரு வாய் சாப்பிடவில்லை. நாய் செத்துவிட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு ஒரு பக்கம். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என்ற நினைப்பு வரும்போது எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவாள். பதினோரு நாய்களுக்காக ஆரம்பித்த வேலை, ஒரு பிள்ளையின் உயிரில் வந்து நிற்கிறதே என்று நினைத்தாள். நாய்களுக்குப் பரிந்து பேசுகிறவள் சொல்வதை ஊர் நம்புவதே பெரிது. அந்த நம்பிக்கையைத் தானே ஒரு கையெழுத்தில் கெடுத்துக்கொண்டது அவள் நெஞ்சை அறுத்தது.

செவ்வாய்க்கிழமை காலை மதிவதனி வரமாட்டாள் என்றே வேல்விழி நினைத்தாள். ஏழு மணிக்கு அவள் வந்தாள். வழக்கமான இடத்தில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"டாக்டரம்மாகிட்ட போயிக் கேட்டேன். நாயி ஊசி போட்டதா இருந்தாலும் இல்லன்னாலும் புள்ளைக்குப் போடறது இதேதானாம். எதுவும் குறைச்சிப் போடலியாம். பயப்பட வேணாம்னாங்க. ஆனா அதனால நீங்க பண்ணது சரியாயிடாதுக்கா."

"ஆவாது," என்றாள் வேல்விழி.

இருவரும் சூளைக்குள் பார்த்தபடி நின்றார்கள். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். செவலை முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. தள்ளாடி எழுந்து கிண்ணத்தண்டை வந்தது. மூக்கை வைத்து முகர்ந்தது. இரண்டு பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

நாக்கை நீட்டி ஒரு தரம் நக்கியது. பிறகு சளக் சளக் என்று குடிக்க ஆரம்பித்தது.

"முழுங்குது," என்றாள் மதிவதனி. "அக்கா, முழுங்குது பாருங்க. தொண்டை அசையுது." அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வேல்விழி பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளைத் தொடப் போன கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் புதன்கிழமை நகர்மன்றத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். ராஜ்மோகன் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார். ஆபரேசன் திட்டத்தை நிறுத்திவிட்டு, எஸ்டேட் நாய்கள் அத்தனையையும் பிடித்து ஊருக்கு வெளியே தூரமாகக் கொண்டுபோய் விடவேண்டும். கோர்ட்டில் நடந்த தெருநாய் வழக்கு டிவியில் தினமும் ஓடிக்கொண்டிருந்த நேரம் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அதில் ஒரு கருத்து இருந்தது.

வேல்விழி புடவை மாற்றிக்கொண்டு கிளம்பியபோது பக்கிரி வாசலில் நின்றான். மூன்று வருஷமாக நாய் வேலை நாய் வேலை என்று முணுமுணுத்தவன்தான்.

"அந்த ஆறு நாயி கதைய அங்க சொல்லப்போறியா?"

"ஆமா."

"வேணாம் வேலு. பதினேழு வாட்டி கடலூருக்கு பஸ்ஸுல போயி வாங்குன தீர்மானம். இத நீ சொன்ன, நாளைக்கே எல்லாத்தயும் லாரியில ஏத்திடுவாங்க. மதிவதனிக்குத் தெரிஞ்சாச்சி, அதோட வுடேன்."

"கணக்கு தப்புன்னு தெரிஞ்சும் அந்தக் கணக்க வச்சே எப்படிங்க பேசறது? இன்னும் அந்த ஆறும் தெருவுலதான சுத்துது."

பக்கிரி செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தான்.

கூட்டத்தில் ராஜ்மோகன் முதலில் பேசினார். கோபமாகப் பேசுவார் என்று வேல்விழி எதிர்பார்த்தாள். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"எங்க அக்கா பையனுக்கு ஒம்போது வயசு. நாயி பிராண்டுனத வூட்டுல சொல்லாம வுட்டுட்டான். ரெண்டு மாசம் கழிச்சி தண்ணி டம்ளரப் பாத்து அலறுனான். அவன கட்டிலோட கட்டி வச்சிருந்தாங்க. நான் கால புடிச்சிக்கிட்டு நின்னேன். நாய் மேல பாசம் வைக்கிறவங்க வைங்க. நான் வேணான்னு சொல்லல. ஆனா அத ஒருவாட்டி பாத்துட்டு வந்து எங்கிட்ட சட்டம் பேசுங்க."

அடுத்து வேல்விழியை அழைத்தார்கள். மைக்கைப் பிடித்தாள்.

"கவுன்சிலர் சொன்னதுக்கு எங்கிட்ட பதில் இல்லீங்க. நான் ஒண்ணு சொல்லணும். நான் குடுத்த அறிக்கை தப்பு. நாப்பத்து மூணு நாயில முப்பத்தேழுக்குத்தான் ஊசி போட்டோம். ஆறு பாக்கி. எல்லாத்துக்கும் போட்டாச்சின்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

கூட்டம் சலசலத்தது. நாலாபுறமும் எழுந்து கத்தினார்கள். ராஜ்மோகன் எழுந்து நின்றார்.

"அன்னிக்கி சந்துல எல்லார் முன்னாடியும் எங்கிட்ட ஆமான்னு சொன்னியேம்மா!"

"சொன்னேங்க. அடிச்சிடுவாங்கன்னு பயந்து சொன்னேன். தப்புதான்."

"இவங்கள நம்பி ஊரே..." என்று அவர் ஆரம்பிக்கும்போது பின் வரிசையிலிருந்து மதிவதனி நடந்து வந்தாள். இடுப்பில் கன்னத்துக் கட்டோடு இளமதி. அவளைப் பார்த்ததும் சத்தம் தானாக அடங்கியது. மைக் தேவைப்படவில்லை.

"இவங்க எங்கிட்ட பொய் சொன்னாங்க. நான் இன்னும் மன்னிக்கல. எனக்கு நாயின்னாலே ஆவாது, எம் புள்ளைக்கு இப்ப ரோட்டுல போற நாயப் பாத்தாலே ஒண்ணுக்கு வந்துடுது. ஆனா அன்னிக்கி நீங்க எல்லாம் அத அடிச்சிருந்தீங்கன்னா, எட்டு நாளா நான் எதப் பாத்து உசிரோட இருந்திருப்பேன்?" மூச்சு வாங்கினாள். "தூரமா கொண்டுபோயி வுடறோம்னு சொல்றீங்க. ஊசி போடாத நாய மங்கலம்பேட்டையிலயோ திட்டக்குடியிலயோ கொண்டுபோயி வுட்டா, அங்கயும் ஒரு புள்ள பிஸ்கட்டு தின்னுக்கிட்டு வராதா? ஊசியப் போடுங்க. போட்டத வேற யாராவது நின்னு எண்ணிப் பாருங்க. எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும்."

இரண்டு மணி நேரம் பேசினார்கள். ராஜ்மோகனின் தீர்மானம் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். அதற்குள் எஸ்டேட் நாய்கள் அத்தனைக்கும் அரசு கால்நடை டாக்டர் முன்னிலையில் மறுபடி தடுப்பூசி போடவேண்டும். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, கழுத்தில் நம்பர் பட்டை கட்டவேண்டும். பிராணி நல மன்றத்தின் கையெழுத்து இனிமேல் செல்லாது. பதிவு நோட்டைக் குடியிருப்பவர்களில் ஒருவர் வைத்திருக்கவேண்டும். யார் என்று நகர்மன்றத் தலைவர் கேட்டபோது ராஜ்மோகன்தான், "எண்ணிப் பாக்கணும்னு சொன்னவங்களே எண்ணட்டும்" என்று மதிவதனியின் பெயரைச் சொன்னார்.

வேல்விழி அங்கேயே ஒரு தாளில் செயலாளர் பதவியை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினாள். மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. ஒரு மாதத்தில் முடியுமா என்ற கவலை அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமையோடு பத்து நாள் முடிந்தது. பழமலைநாதன் சூளைக்குள்ளேயே போய்ச் செவலையின் வாயைத் திறந்து பார்த்தார். காதைத் தூக்கிப் பார்த்தார். "நல்லாருக்கு. புள்ளைக்கு இதால பயமில்லம்மா," என்று மதிவதனியிடம் சொன்னார். "இருந்தாலும் பாக்கி ஊசிய வுட்டுடாத." பிறகு செவலைக்கே ஒரு தடுப்பூசி போட்டார். அது ஏன் அன்றைக்குக் கடித்தது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. தின்னும்போது தலையில் கை வைத்ததாலாக இருக்கலாம் என்றார்.

மதிவதனி நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத அடிக்கணும்னு இப்பத் தோணல. ஆனா இந்த சந்துல வேணாங்க்கா. புள்ள நடக்கற சந்து."

அதே இடத்தில் விடவேண்டும் என்று சொல்லும் சட்டம் வேல்விழிக்கு வரிவரியாகத் தெரியும். அவள் அதைப் பேசவில்லை. "எங்கூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். கட்டித்தான் வச்சிருப்பேன்," என்றாள். பக்கிரி கயிற்றை வாங்கிக்கொண்டான்.

ஊசி போடும் வேலை அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. வேல்விழிக்கு வலை பிடிக்கும் வேலை மட்டும்தான். மதிவதனி பத்தடி தள்ளி, கையில் நோட்டும் போனுமாக நின்றாள். ஒவ்வொரு முறை நாய் குரைக்கும்போதும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. ஆனாலும் போகவில்லை. "மருந்து முழுசா எறங்குச்சா? எனக்குத் தெரியல, இந்தப் பக்கம் திருப்புங்க சார்," என்று அரசு டாக்டரையே அதட்டினாள். நம்பர் பட்டையைக் கட்டி, படம் எடுத்து, எழுதி முடித்த பிறகுதான் வலையை விடச் சொன்னாள்.

நாலாவது ஞாயிறு சாயங்காலம் செவலையையும் சேர்த்து முப்பத்தொரு நாய்கள் ஆகியிருந்தன. கெடு வைத்த ஒரு மாதம் முடிய இன்னும் ஐந்து நாள். எஸ்டேட் முழுக்கத் தேடியும் வேறு நாய் கண்ணில் படவில்லை.

"நாப்பத்து மூணுக்குப் பன்னெண்டு குறையுதே," என்றாள் மதிவதனி, நோட்டைப் பார்த்தபடி. "அதெல்லாம் எங்கக்கா இருக்கும்?"

லாரி அடித்துச் செத்திருக்கலாம், வேறு தெருவுக்குப் போயிருக்கலாம், எங்காவது ஒளிந்திருக்கலாம். வேல்விழி இதையெல்லாம் யோசித்தாள்.

"தெரியலம்மா," என்றாள்.

"தெரியலன்னே எழுதறேன்," என்று மதிவதனி குனிந்து எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். "நாளைக்கிக் காலையில ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்துடலாம். வலைய எடுத்தாந்துடுங்க."